கிருனாவில் தேவாலயம் ஊர் மாறிய இரண்டு நாட்கள்

ஸ்வீடன் போய் வந்தோம் என்று சொன்னதும் நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஸ்டாக்ஹோம் எப்படி இருந்துச்சு?" என்பதுதான். அங்கே ஒன்றரை நாள்தான் இருந்தோம் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். "அவ்ளோ தூரம் போயிட்டா?" என்று என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் லிங்க்கை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

நாங்கள் போனது 2025 ஆகஸ்டில். போனது கிருனா என்கிற ஊருக்கு. ஸ்வீடனின் வடகோடியில் இருக்கிறது. ஊருக்கு அடியில் இரும்புச் சுரங்கம். தோண்டத் தோண்ட மேலே நிலம் இறங்குகிறது. அதனால் ஊரையே மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிழக்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்த ஊரில் நூறு வருஷத்துக்கு மேல் பழமையான ஒரு மரத் தேவாலயம் இருக்கிறது. அதை இடிக்கவில்லை, பிரிக்கவும் இல்லை. அப்படியே தூக்கி வண்டியில் வைத்து, ஐந்து கிலோமீட்டர் தூரத்தை இரண்டு நாளில் ஓட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பார்க்கத்தான் போனோம்.

ஏன் என்றால், அதற்கு என் வீட்டுக்காரரின் வாய்தான் காரணம். அவருக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை. சொந்த ஊர் மந்தாரக்குப்பத்திலிருந்து கொஞ்ச தூரம். அங்கே அவருடைய அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், விவசாயம் பார்க்கிறார். அந்த ஊரும் சுரங்கத்துக்கு வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. யார் சரி, யார் தப்பு என்று நான் இங்கே பஞ்சாயத்து பண்ணப் போவதில்லை. பொங்கலுக்கு எல்லோரும் மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "எல்லாம் சரிடா, மாரியம்மன் கோயில வுட்டுட்டு எப்படிடா போறது?" என்று மாமா கேட்டார். ஆடி மாசம் அந்தக் கோயிலில் கூழ் ஊற்றுவதை முன்னால் நின்று நடத்துகிறவர் அவர்தான்.

எங்கள் ஆள் சும்மா இருந்திருக்கலாம். "கோயில்னா என்னா, செங்கல்லும் சிமெண்டுந்தானே? போற எடத்துல இத வுட பெருசா கட்டிக்கினா போச்சு. எதுக்கு இழுத்துகினே கெடக்கற? நாளைக்கே சரின்னு சொல்லிடு" என்றார். மாமா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தால் மாமாவின் மனைவி, எங்கள் அக்காதான் எடுப்பார். ஆடியில் கூழுக்கு நாங்கள் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். அன்றைக்கு இவர் பஸ்ஸில் வரும்போது என் பக்கம் திரும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதற்கு நடுவில், மே மாச வாக்கில்தான் கிருனா செய்தி போனில் வந்தது. "பாத்தியா! கோயிலே நகருது! இத வீடியோ எடுத்துகினு வந்து அண்ணன்கிட்ட காட்டறேன். அப்பறம் எப்படிப் பேசாம இருக்கும்னு பாக்கறேன்" என்று குதித்தார். எங்கள் மகள் கயல் ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறாள். ரெண்டு வருஷமாக வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம் லீவு இல்லை, குளிர் ஒத்துக்காது என்று சாக்குச் சொன்ன மனுஷன், ஒரே ராத்திரியில் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்தார். வீடியோதான் யூடியூபில் வரப்போகிறதே, அதைக் காட்டலாமே என்றேன். "நான் எடுத்தது வேற, ஊரான் எடுத்தது வேற" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விசாவுக்குச் சென்னையில் விண்ணப்பித்தோம். கட்டணம் 90 யூரோ, அதோடு சேவைக் கட்டணம் தனி. மகளின் அழைப்புக் கடிதம், இன்சூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் சரியாக இருந்ததால் பதினெட்டு நாளில் வந்துவிட்டது. கோடையில் போகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். விமானம் தோஹா வழியாக, போக வர ஆளுக்கு 68,000 ரூபாய். நெய்வேலியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு மந்தாரக்குப்பத்து செல்வத்தின் கார், 5,500 ரூபாய். பண்ருட்டி, விழுப்புரம் வழியாக ஐந்து மணி நேரம் ஆனது.

செல்வம் வழியில் கேட்டார், "எந்த ஊருக்குங்க சார், சுத்திப் பாக்கவா?"

"கோயில் நகர்த்தறாங்க. அதப் பாக்கறதுக்கு."

செல்வம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் விழுப்புரம் வரை ரேடியோதான் பேசியது.

ஸ்டாக்ஹோமில் முதல் நாள் தூங்கியே போனது. அடுத்த நாள் கயல் மூன்று இடங்களுக்குக் கூட்டிப் போனாள். முதலில் தண்ணீர் ஓரத்தில் இருக்கும் நகர மண்டபம். சிவப்புச் செங்கல்லில் கட்டியது, எண்பது லட்சம் செங்கல் என்றார் வழிகாட்டி. உள்ளே கைடோடு மட்டும்தான் விடுகிறார்கள். உள்ளே ஒரு கூடத்தின் சுவர் முழுக்கத் தங்க நிறச் சில்லுகள் பதித்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்புறம் பழைய நகரம். கல் பாவிய சந்துகள். சில சந்துகளில் ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். மஞ்சளும் காவியுமாக வீடுகள், நடுவில் அரண்மனை. தட்டையான செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், நான் ஹீல்ஸ் வைத்ததைப் போட்டுக்கொண்டு போய் அவதிப்பட்டேன்.

மூன்றாவது, முழுகிய கப்பல் இருக்கிற மியூசியம். 1628இல் கடலில் இறங்கிய அன்றைக்கே முழுகிவிட்டதாம். முந்நூறு வருஷத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்ததை 1961இல் மேலே தூக்கியிருக்கிறார்கள். செதுக்கல் வேலையைப் பார்த்து நான் உருகிக்கொண்டிருந்தால், எங்கள் ஆளுக்கு எப்படித் தூக்கினார்கள் என்பது மட்டும்தான் கவலை. அடியில் கயிறு விட்ட மாடல் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார். "அப்பா, அரண்மனைக்குள்ள போகணும்பா" என்று கயல் கெஞ்சினாள். அது அன்றைக்கு மூடுகிற நேரம் ஆகிவிட்டது. அதனால் அரண்மனைக்குள் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்க வேண்டிய ஆள் வேறு.

அன்று மாலை ரயில். ஸ்டாக்ஹோமிலிருந்து கிருனா 1,250 கிலோமீட்டருக்குக் கிட்ட, ஏறக்குறைய பதினாறு மணி நேரம். படுக்கை வசதி உள்ள பெட்டி, முன்பே எடுத்ததால் ஆளுக்கு 1,150 குரோனா. ஒரு குரோனா அப்போது ஒன்பது ரூபாய் சொச்சம். விமானத்திலும் போகலாம், ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் ரயிலில் போங்கள். விடிந்து கண் திறந்தால் காடும் ஏரியும் காடும் ஏரியுமாக வந்துகொண்டே இருந்தது, ஒரு ஊரையும் காணோம். கொண்டுபோன எலுமிச்சம்பழச் சோற்றை அந்த ஜன்னல் ஓரம் சாப்பிட்டது எனக்கு நகர மண்டபத்தைவிடப் பிடித்திருந்தது.

கிருனா ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அதுவும் ஊரோடு சேர்ந்து இடம் மாறியதுதான். அங்கிருந்து பஸ்ஸில் புது டவுனுக்கு வந்தோம். தேவாலயத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஓட்டல்களில் இடமே இல்லை. கயல் மூன்று மாதம் முன்பே ஒரு வீட்டில் இரண்டு அறை பிடித்திருந்தாள், ஓர் இரவுக்கு 1,400 குரோனா. வீட்டுக்காரர்கள் பிரித்தா, ஸ்டென் என்று எழுபது வயதைத் தாண்டிய தம்பதி. பிரித்தாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். ஸ்டென்னுக்கு நாலு வார்த்தை. பழைய ஊரில் தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் நாற்பது வருஷம் இருந்தவர்கள், இப்போது புது டவுனில் மூன்றாம் மாடி. புத்தம் புது வீடு, பளபளவென்று இருந்தது. அடுப்படியைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அன்று பகல் புது டவுனைச் சுற்றினோம். முதலில் நகராட்சி மண்டபம். வட்டமான கட்டடம், நடுவில் கோணல் மாணலாக இன்னொரு கட்டடத்தைச் சொருகி வைத்தது போல் இருக்கும். உள்ளே போக டிக்கெட் இல்லை. ஓவியக் காட்சியும் இலவசம், கழிப்பறையும் இலவசம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நகராட்சி மண்டபத்தை இடித்தபோது அதன் கதவுக் கைப்பிடிகளை மட்டும் கழற்றி வந்து இங்கே மாட்டியிருக்கிறார்கள். பிர்ச் மரமும் கலைமான் கொம்பும் சேர்த்துச் செய்தது. வாசலில் நிற்கும் இரும்பு மணிக்கூண்டும் பழைய மண்டபத்தின் உச்சியில் இருந்ததாம். அதற்குக் கீழே உட்கார்ந்து காபி குடித்தோம், ஒரு கப் 45 குரோனா. அடேயப்பா, நானூறு ரூபாய் காபி!

சுரங்கத்தின் முதல் நிர்வாகி இருந்த மர வீட்டையும் சில வருஷம் முன்பே இடம் மாற்றிவிட்டார்கள். மலையடிவாரத்தில் இருக்கிறது, வெளியிலிருந்துதான் பார்த்தோம். சுரங்கத்துக்குள் ஐந்நூறு மீட்டர் ஆழத்துக்குப் பஸ்ஸிலேயே கூட்டிப்போகும் சுற்றுலாவும் உண்டு. சுற்றுலா அலுவலகத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், எங்களுக்குக் கிடைக்கவில்லை. "சுரங்கம் பாக்க இவ்ளோ தூரம் வரணுமா" என்று இவர் பெரிய மனுஷன் மாதிரி சொன்னாலும், மூஞ்சி தொங்கிப்போனதை நான் பார்த்தேன்.

பழைய ஊர்ப் பக்கம் போனால் பாதித் தெருக்கள் கம்பி வேலிக்கு அப்பால். சில இடத்தில் வீடு இருந்த இடம் புல் தரையாக இருந்தது. கடைசியில் தேவாலயம். சிவப்பு மரப்பலகை, செங்குத்தாக இறங்கும் கூரை. அந்தப் பக்கத்துப் பூர்வகுடி மக்களின் குடிசை வடிவத்தைப் பார்த்துக் கட்டியதாம். அதை ஏற்கனவே தூக்கி இரும்பு உத்திரங்கள் மேல் உட்கார வைத்து, அடியில் இரண்டு வரிசைச் சக்கர வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். இவர் அப்படியே நின்றுவிட்டார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சுரங்கத்தில் இவர் இருபது வருஷம் இருந்தது மெஷின் நகர்த்தும் கேங்கில். மண்ணை வெட்டும் பக்கெட் வீல் மெஷின், பல மாடிக் கட்டடம் உயரம் இருக்கும். அதை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நடத்திக்கொண்டு போவதென்றால், பாதை போட்டு, குறுக்கே வரும் கரண்ட் கம்பியெல்லாம் எடுத்து, ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாகத்தான் போகும். கிளம்புவதற்கு முன் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அது நசுங்கிய பிறகுதான் மெஷின் நகரும். அதைச் செய்யாமல் ஒரு ஆபரேட்டரும் கை வைக்க மாட்டார்.

மறுநாள், ஆகஸ்ட் 19. காலை ஏழு மணிக்கெல்லாம் வேலி ஓரம் இடம் பிடித்துவிட்டோம். ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட், இருந்தும் விரல் விறைத்தது. ஆயிரக்கணக்கில் ஜனம். மடக்கு நாற்காலி, பிளாஸ்க், சின்னச் சின்னக் கொடிகள். தேர் பார்க்க வந்த கூட்டம் மாதிரியேதான், ஆனால் ஒருத்தரும் இடிக்கவில்லை. எட்டு மணி வாக்கில் பாதிரிமார்கள் ஜெபம் செய்து ஆசீர்வதித்தார்கள். 

இவர் என் காதோரம் குனிந்தார். "கையில குங்குமம் வெச்சிருக்கியா?"

"எதுக்கு?"

ஜாக்கெட் பாக்கெட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். முந்தின நாள் சூப்பர் மார்க்கெட்டில் நான் பால் வாங்கும்போது வாங்கி வைத்திருக்கிறார், கர்மம்! "அறநூத்திச் சொச்சம் டன்னுடி. ஒரு பழம் கூட வெக்காம எடுக்கறாங்க."

"பேசாம நில்லுங்க. ஃபாதர் பூசை போட்டுட்டாரில்ல?"

"அது மேல இருக்கற சாமிக்கு. சக்கரத்துக்கு யாரு போட்டா?"

நான் கயலைக் கூப்பிடத் திரும்பின ஒரு நொடிதான். குனிந்து வேலிக்கு அடியில் கையை விட்டுப் பழத்தை உருட்டிவிட்டார். அது நேராக ரோட்டு நடுவில் போய் நின்றது. மஞ்சள் சட்டை போட்ட காவலர் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். கையை நீட்டித் தடுத்து, எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுற்றி இருந்த கூட்டம் முழுக்க எங்களையே பார்க்கிறது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அந்த ஊரில் அது நடக்கக்கூடிய காரியம்தான் வேறு.

கயல் முகம் சிவக்க விளக்கம் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். "பாதையில் எதுவும் இருக்கக்கூடாது, ஒரு கல் கூட. காலையிலிருந்து கூட்டிக்கொண்டே இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் பழத்தை இவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, "உங்கள் அக்கறைக்கு நன்றி" என்றாள். இவருக்கு இந்த ஒரு வாக்கியம் போதும், அன்று முழுக்கத் தலை நிமிர்ந்து நின்றார். பழத்தை நான் சாயங்காலம் டீயில் பிழிந்துவிட்டேன்.

தேவாலயம் நகர்ந்தது. முதலில் நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பின்னால் இருந்த மரத்தை அது மறைத்தபோதுதான் தெரிந்தது. மணிக்கு அரைக் கிலோமீட்டர் வேகம். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் கூடவே நடந்தார்கள். அது போவதற்காக ரோட்டையே அகலமாக்கி, விளக்குக் கம்பங்களை எடுத்து, ஒரு பாலத்தைக்கூட இடித்திருக்கிறார்கள். திருப்பத்தில் திரும்பும்போது கூட்டம் மொத்தமும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது. இவர் போனில் இடம் தீர்ந்துபோகும் வரை எடுத்தார். பிறகு என் போனைப் பிடுங்கி எடுத்தார்.

மறுநாள் பிற்பகலில் தேவாலயம் புது இடத்துக்கு வந்து சேர்ந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில். பாட்டு, மேளம், அரசர்கூட வந்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காபி. "பாத்தியா? ஒரு கீறல் இல்ல. இத அண்ணன் பாக்கட்டும். நகர்த்தணும்னு நெனச்சா கோயில நகர்த்தலாம்" என்று இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில்தான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. ஸ்டென் தினமும் காலையில் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காரில் கிளம்புவதைப் பார்த்திருந்தோம். ஏதோ வேலைக்கு என்று நினைத்திருந்தேன். அன்று இவரையும் சைகை காட்டிக் கூப்பிட்டார். ஊர் சுற்றிக் காட்டப் போகிறார் என்று இவரும் உற்சாகமாக ஏறிவிட்டார்.

நான் பிரித்தாவுக்கு அடுப்படியில் கூடமாட நின்றேன். எங்கே போகிறார்கள் என்று கயல் கேட்டாள்.

"பழைய தெருவுக்கு" என்றார் பிரித்தா. "வேலி ஓரம் காரை நிறுத்துவார். காபி குடிப்பார். திரும்பி வருவார்."

"அங்கே இப்போது என்ன இருக்கிறது?"

"ஒன்றும் இல்லை. புல்."

வந்து எத்தனை காலம் ஆகிறது என்று நான் கேட்டேன். நாலு வருஷம் என்றார். ஊர் மாறப்போகிறது என்று சொல்லி இருபது வருஷம் ஆகிறது, கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசினோம், ஸ்டென்னும் எல்லாக் கூட்டத்துக்கும் போனார், சரி என்று கை தூக்கியவரும் அவர்தான் என்றார். இந்த வீடு அவருக்குப் பிடித்திருக்கிறது, பழைய வீட்டில் குளிர் அதிகம் என்றும் சொன்னார்.

"அப்படியானால் அங்கே போக வேண்டாம் என்று சொல்லமாட்டீர்களா?" என்றேன் நான்.

பிரித்தா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எதற்குச் சொல்லவேண்டும்? நான் காபி போட்டுக் கொடுக்கிறேன்."

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். என்ன பேசினீர்கள் என்றேன்.

"என்னாத்தப் பேசறது, அவருக்கு நம்ம பேச்சு தெரியாது, எனக்கு அவரு பேச்சு தெரியாது. கையக் காட்டினாரு. இங்க கதவு, இங்க ஜன்னலுன்னு. அப்பறம் சும்மா உக்காந்துகினு இருந்தோம்." துண்டை எடுத்துக்கொண்டு அவரே மேலே சொன்னார். "அந்த மனுஷன் சரின்னு சொன்னவரு. அவருக்கே இருவது வருஷம் பத்தல. நான் அண்ணன் தட்டுல சோறு இருக்கும்போதே நாளைக்கே சொல்லுன்னு கேட்டேன்." அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொங்கலன்றே நான் இதைச் சொன்னேன், அப்போது கேட்டீர்களா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நமக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். தேவாலயம் புது இடத்தில் நிற்கிறது. ஆனால் உள்ளே வேலை முடிந்து மக்களை விடுகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ஊரைப் பார்க்க இரண்டு நாள் போதும். மூன்றாவது நாள் இருந்தால் பஸ்ஸில் 17 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் யூக்காஸ்யார்வி கிராமத்துக்குப் போய் இன்னும் பழைய மரத் தேவாலயத்தைப் பாருங்கள். ஆகஸ்டிலும் காதை மூடத் தொப்பி வேண்டும். கொசு இருக்கிறது, நம்மூர்க் கொசுவுக்கு அண்ணன். சைவக்காரர்கள் அரிசி, பருப்பு எடுத்துப்போய்ச் சமைக்க வசதியுள்ள வீட்டில் தங்குங்கள். எல்லா இடத்திலும் கார்டுதான், காசு வாங்குவதேயில்லை. வேலி போட்ட இடத்தில் வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். முக்கியமாக ரோட்டில் எதையும் உருட்டாதீர்கள். ஸ்டாக்ஹோமுக்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள், அரண்மனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

கடைசியாக, ஊர் திரும்பிய நாள். சென்னையிலிருந்து அதே செல்வம் கார். எனக்குக் குளித்துவிட்டுப் படுத்தால் போதும் என்று இருந்தது. பண்ருட்டி தாண்டியதும் இவர், "செல்வம், குவார்ட்டர்ஸுக்கு வேணாம், நேரா எங்க ஊருக்கு வுடுங்க" என்றார். என் முகத்தைப் பார்த்து, "பத்து நிமிஷம்டி" என்றார்.

மாமா வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். உள்ளே போகத் திரும்பினார். இவர் போனைக் கையில் எடுக்கவேயில்லை. சூட்கேஸ், பை எல்லாம் காரிலேயே கிடந்தது. 

"அண்ணே, ஒரு நிமிஷம். நான் ஒண்ணும் சொல்ல வரல. நீ ஊர வுட்டுப் போ, போவாத, அது உன் இஷ்டம். அன்னைக்கு நீ ஒரு கேள்விதான் கேட்ட. நான் பதில் சொல்லிட்டேன். கூட உக்காந்திருக்கணும். உக்காரத் தெரியல எனக்கு." இவர் அங்கேயே, கழுவிய தண்ணீர் ஓடுகிற மண்ணில், பேண்ட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கதவருகே வந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் கழித்து மாமா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, தம்பிக்குப் பக்கத்தில் அதே ஈரத்தில் உட்கார்ந்தார்.

"எங்கடா போயிருந்தீங்க, பத்து நாளா வூடு பூட்டிக் கெடந்துச்சு?"

ஏழு மாசத்துக்குப் பிறகு முதல் பேச்சு. பூட்டிக் கிடந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ஏரோப்ளேன், ரயில், தேவாலயம், வேலி ஓரத்துக் கார். மாமா கடைசி வரை கேட்டார். பிறகு தம்பி முதுகில் ஒரு அடி போட்டார், சத்தம் கேட்கிற மாதிரி.

"இத சொல்றதுக்கு அவ்ளோ தூரம் சுத்திகினு வந்தியா? நெய்வேலியிலேர்ந்து இங்க டவுன் பஸ்ல பத்து ரூபாதாண்டா. பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, உன் பொண்டாட்டிக்கு அதுகூட கெடையாது."